அறைக்குள் வானம் செய்ய எது சரி: ஸ்டிக்கரா, ஒளிர்பொடியா, பிளாக் லைட்டா?

அறைக்குள் நட்சத்திரமும் கோளும் செய்து மாட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பெயிண்ட் நல்லது என்றுதான். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. இதை எப்போது, எவ்வளவு நேரம் பார்க்கப் போகிறீர்கள்? அதற்குச் சற்று முன்புவரை அந்த இடத்தில் எந்த விளக்கு எரிகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் வாங்கினால், உயர்ந்த ரகப் பொடிகூட சீக்கிரம் மங்கிப்போய் ஏமாற்றியது போலத் தோன்றும். குற்றம் பெரும்பாலும் பொடியில் இருக்காது, விளக்கில் இருக்கும்.

'இருட்டில் ஒளிரும்' என்ற ஒரே பெயரில் விற்பவை எல்லாம் ஒரே சரக்கு அல்ல. விளக்கு வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அணைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுபவை ஒரு வகை. ஸ்டிக்கர்களும் ஒளிர்பொடியும் இதில் சேரும். புற ஊதா விளக்கு (பிளாக் லைட் என்பது இதுதான்) படும்வரை மட்டும் பளீரென்று எரிந்து, அது அணைந்ததும் தானும் அணைந்துவிடுபவை இன்னொரு வகை. ஃப்ளோரசன்ட் பெயிண்டும் ஹைலைட்டர் பேனா மையும் அப்படி. மூன்றாவது க்ளோ ஸ்டிக். இரண்டு ரசாயனங்கள் கலப்பதால் வரும் வெளிச்சம் அது.

மூன்றாவதை இப்போதே ஒதுக்கிவிடலாம். குழாயை வளைத்ததும் உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி உடைந்து, இரண்டு திரவங்களும் கலந்து சில மணி நேரம் எரியும். அப்புறம் குப்பைதான். ஒரு விருந்துக்குச் சரி, அறை அலங்காரத்துக்கு உதவாது. அதை வெட்டி ஜாடிக்குள் ஊற்றிப் 'பால்வீதி ஜாடி' செய்யச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திரவம் கண்ணிலும் தோலிலும் பட்டால் எரியும், உடைந்த கண்ணாடித் துண்டும் அதோடு சேர்ந்து வரும். வேண்டாம். குளிர்பானத்தில் சமையல் சோடாவும் பெராக்சைடும் விட்டால் ஒளிரும் என்று சுற்றுவது வெறும் ஏமாற்று வித்தை.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிட்டு மேலே போகலாம். பச்சையாக ஒளிர்வதையெல்லாம் ரேடியம் என்று சொல்லிப் பழகிவிட்டதால், குழந்தை படுக்கும் அறையில் ஒட்டலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 1898-இல் மேரி கியூரியும் பியர் கியூரியும் கண்டுபிடித்த ரேடியத்தை, பின்னாளில் துத்தநாக சல்ஃபைடோடு கலந்து கடிகார முகப்புகளில் பூசினார்கள். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி வேலை செய்த இளம்பெண்கள் பலர் தாடை எலும்பு அரித்துப்போய் இறந்தார்கள். இன்று கைவினைக்கு விற்கும் ஸ்டிக்கரிலும் பொடியிலும் ரேடியம் கிடையாது. ரேடியம் கலந்த பூச்சு விளக்கே காட்டாவிட்டாலும் தானாக ஒளிரும். இவை வாங்கிய வெளிச்சம் தீர்ந்ததும் அணைந்துவிடும்.

ஸ்டிக்கர் எதற்குச் சரி

பிளாஸ்டிக் நட்சத்திரங்களை மட்டமாகப் பேச வேண்டியதில்லை. வாடகை வீடு, சுவரில் கறை கூடாது, இன்று மாலையே வேலை முடிய வேண்டும் என்றால் அவைதான் வழி. ஒட்டும் களிமண் போன்ற பசையில் ஒட்டினால் பிறகு கழற்றுவதும் எளிது.

குறை இரண்டு. முதலாவது, மலிவான ஸ்டிக்கர்களில் இருப்பது பெரும்பாலும் தாமிரம் கலந்த துத்தநாக சல்ஃபைடு. விளக்கை அணைத்த சில நிமிடங்கள் நன்றாக இருக்கும், ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். வெயிலும் ஈரமும் சேர்ந்து பட்டால் நாளடைவில் கறுத்தும் போகும். பாக்கெட்டில் 'ஸ்ட்ரான்சியம் அலுமினேட்' என்று போட்டிருந்தால் கதை வேறு, அது இன்னும் நெடுநேரம் ஒளிரும். எதுவும் போடவில்லை என்றால் பழைய சரக்கு என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எல்லா நட்சத்திரமும் ஒரே அளவு, எல்லாவற்றுக்கும் ஐந்து முனை. வானத்தில் அப்படி எதுவும் இல்லை. கண்ணுக்கு வானம் வானமாகத் தெரிவதே பிரகாச வேறுபாட்டால்தான். வானியல் கணக்கில் ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒரு பிரகாச எண் உண்டு, எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 2.5 மடங்கு வித்தியாசம். அதை முழுசாகக் காட்ட வேண்டுமானால் ஸ்டிக்கரை விட்டுவிட்டுப் பொடிக்கு வர வேண்டும்.

பொடியும் புள்ளியும்

1993-இல் ஜப்பானின் நெமோட்டோ என்ற நிறுவனம், கதிரியக்கம் இல்லாத கடிகாரப் பூச்சைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரண்டு அருமண் உலோகங்களைத் துளி சேர்த்து ஒரு ஒளிர்பொடியை உருவாக்கியது. துத்தநாக சல்ஃபைடோடு ஒப்பிட்டால் சுமார் பத்து மடங்கு பிரகாசம், சுமார் பத்து மடங்கு நேரம். இன்று நல்ல ஒளிர்பொடி என்று விற்பது எல்லாம் இதன் வழிவந்ததே.

டப்பாவில் 'பன்னிரண்டு மணி நேரம் ஒளிரும்' என்று எழுதியிருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது? பொய் இல்லை, ஆனால் நீங்கள் நினைக்கும் பன்னிரண்டு மணி நேரமும் இல்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் வழிவது போலத்தான் இது: நிறைந்திருக்கும்போது வேகமாக ஓடும், குறையக் குறையச் சொட்டும். தோராயமாக, நேரம் இரட்டிப்பாகும் போதெல்லாம் வெளிச்சம் பாதியாகும். பத்தாவது நிமிடத்தில் இருந்த பிரகாசத்தில் ஒரு மணி நேரம் கழித்து ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். தயாரிப்பாளர்கள் பலர் சதுர மீட்டருக்கு 0.32 மில்லிகேண்டெலா என்ற அளவு வரும்வரை 'ஒளிர்கிறது' என்று எண்ணுகிறார்கள். முழு இருட்டில் வெகுநேரம் இருந்து பழகிய கண்ணுக்குத்தான் அது தெரியும்.

ஆனால் அந்தப் பழக்கம் நமக்குச் சாதகமான விஷயம். விளக்கை அணைத்ததும் கண் இருட்டுக்கு உடனே பழகாது. அதற்கு இருபது முப்பது நிமிடம் ஆகும். பொடி மங்கிக்கொண்டே வரும் அதே நேரத்தில் கண் கூர்மையாகிக்கொண்டே போகிறது. அதனால் படுத்துக்கொண்டு பார்ப்பவருக்கு வானம் நெடுநேரம் அப்படியே இருப்பதாகத் தோன்றும். அடுத்த அறையிலிருந்து புதிதாக எட்டிப் பார்ப்பவர், "ஒன்றுமே தெரியவில்லையே" என்பார். தூங்கும் அறைக்குப் பொடி பொருந்துவதும், விருந்தினர் வந்து போகும் கூடத்துக்குப் பொருந்தாததும் இதனால்தான்.

இன்னொன்றையும் படுத்திருக்கும்போது கவனியுங்கள். ரொம்ப மங்கலான புள்ளியை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றுப் பக்கத்தில் பார்த்தால் திரும்ப வரும். விழித்திரையின் நடு மையத்தில் மங்கல் ஒளியை உணரும் செல்கள் இல்லை. வெளியே உண்மையான வானத்தைப் பார்ப்பவர்களும் மங்கல் விண்மீன்களை இப்படி ஓரக்கண்ணால்தான் பிடிக்கிறார்கள். வீட்டுக் கூரையில் இது தானாகவே கிடைத்துவிடுகிறது.

சரி, புள்ளி வைப்பது எப்படி? எல்லாப் புள்ளியும் ஒரே கனத்தில் இருந்தால், பிரகாசம் பரப்பைப் பொறுத்தது. ஒரு எண் அளவுக்குப் பிரகாசம் கூட வேண்டுமானால் புள்ளியின் விட்டத்தை 1.6 மடங்கு ஆக்க வேண்டும். நான்காம் எண் விண்மீனுக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்தால் மூன்றாம் எண்ணுக்கு 3, இரண்டாம் எண்ணுக்கு 5, முதல் எண்ணுக்கு 8 மில்லிமீட்டர். வேடன் (ஓரியன்) விண்மீன் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: திருவாதிரைக்கும் ரைஜலுக்கும் பென்சிலின் பின்பக்கத்தால் வைக்கும் பெரிய புள்ளி, இடைவாரின் மூன்று விண்மீன்களுக்கு நடுத்தரம், வாள் பக்கம் வருபவற்றுக்குப் பல்குச்சி நுனி. கார்த்திகைக்குச் சின்னப் புள்ளிகளை நெருக்கமாக வையுங்கள். பால்வீதிக்குப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷை நனைத்து விரலால் தெறிக்க விட்டால் போதும். தெறிப்பதற்கு முன் கட்டிலையும் தரையையும் மூடிவிடுங்கள், ஏனென்றால் தெறித்தது எங்கே விழுந்தது என்பது ராத்திரிதான் தெரியும்.

வானப் படத்தைத் திருப்ப வேண்டுமோ என்ற குழப்பம் சிலருக்கு வரும். வேண்டாம். அண்ணாந்து பார்ப்பதற்கென்றே வரைந்தது அது. வடக்கு மேலே இருந்தால் கிழக்கு இடப்பக்கம் இருக்கும். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே கூரையில் வைத்தால் சரியாக இருக்கும். ஒரு கோளத்தின் வெளிப்புறத்தில் வரைவதானால்தான் இடவலம் மாற்ற வேண்டும்.

கலக்குவதில் கெடும் இடங்கள் நாலைந்து. பொடியை எப்போதும் தெளிவான ஊடகத்தில்தான் கலக்க வேண்டும்: நிறமற்ற அக்ரிலிக் ஜெல், வார்னிஷ், அல்லது காகித வேலைக்குக் காய்ந்தால் தெளியும் வெள்ளைப் பசை. சாதாரண வெள்ளைப் பெயிண்டில் கலந்தால் அதிலிருக்கும் வெள்ளை நிறமியே வெளிச்சத்தை உள்ளே போகவும் விடாது, வெளியே வரவும் விடாது. எடையில் ஒரு பங்கு பொடிக்கு இரண்டு முதல் மூன்று பங்கு ஊடகம் என்று தொடங்கலாம். ஸ்ட்ரான்சியம் அலுமினேட் தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் பொருள். நீர்ப் பெயிண்டில் கலப்பதானால் மேற்பூச்சு கொடுத்த, தண்ணீர் தாங்கும் ரகமா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் காலையில் டப்பாவில் கட்டிதான் இருக்கும்.

பொடியின் துகள் பெரிதாக இருந்தால் அதிகம் ஒளிரும், ஆனால் தொட்டால் நறநறவென்று இருக்கும். பிரஷ்ஷில் பூச நடுத்தர ரகம் வசதி. நைசாக வேண்டும் என்று கல்லில் அரைத்துவிடாதீர்கள், படிகம் உடைந்தால் ஒளியும் குறையும். கலக்க மரக்குச்சியோ பிளாஸ்டிக்கோ போதும். இந்தத் துகள் கடினமானது, இரும்புக் கரண்டியைத் தேய்த்து அந்தக் கறுப்பைக் கலவைக்குள் இழுத்துவிடும். முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும், ஒளிரும் இழை பித்தளை முனையை வேகமாகத் தேய்த்துவிடும். காய்ந்த பொடியைக் கையாளும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைக் கலவை தயாரான பிறகு கூப்பிட்டால் போதும்.

அடித்தளம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதைத்தான் பலரும் மறப்பார்கள். விண்வெளி என்றதும் கை தானாகக் கறுப்பு அட்டைக்குப் போகிறது. கறுப்பு அட்டை பின்பக்கம் போகும் ஒளியை விழுங்கிவிடும். கறுப்புதான் வேண்டும் என்றால், முதலில் வெள்ளைப் புள்ளி வைத்துக் காய்ந்ததும் அதன் மேல் ஒளிர்கலவையை இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகப் போடுங்கள். வெள்ளைக் கூரையாக இருந்தால் இந்த வேலையே இல்லை. பகலில் புள்ளிகள் கண்ணுக்குப் படவே படாது.

நிறம் என்ற இடத்தில் பொடி தோற்கிறது

பச்சை, அலைநீளம் சுமார் 520 நானோமீட்டர், எல்லாவற்றிலும் பிரகாசமானது. சுமார் 490-இல் ஒளிரும் நீலப்பச்சை தொடக்கத்தில் சற்றுக் குறைவு, ஆனால் இருட்டுக்குப் பழகிய கண் சுமார் 507 நானோமீட்டரில் அதிகக் கூர்மையோடு இருப்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது. நட்சத்திரங்களுக்கு இதுதான் என் தேர்வு. பச்சை நட்சத்திரம் எனக்கு எப்போதும் பொம்மைக் கடை ஞாபகத்தைத் தருகிறது. ஊதா கலந்த நீலம் அழகு, ஆனால் மங்கல்.

சிவப்பும் ஆரஞ்சும் பெயருக்குத்தான். அந்தப் பொடிகள் சீக்கிரம் அணைந்துவிடும், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கும் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது. பச்சைப் பொடியில் சிவப்புச் சாயம் கலந்தால் கிடைப்பது மங்கலான அழுக்குப் பச்சை. ஆக, சூரியக் குடும்பம் முழுவதையும் அதனதன் நிறத்தோடு பொடியில் செய்ய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடலாம். செவ்வாய் செவ்வாயாக வராது.

அதே நேரம், ஒற்றை நிறத்தால் நிலாவுக்கு எந்த நஷ்டமும் இல்லை. பொடி வேலையில் நிலாதான் மிக நன்றாக வரும். கனம் கூடினால் பிரகாசம் கூடும் என்பதை வைத்தே முழுவதையும் வரையலாம்: வட்டம் முழுவதும் ஒரு பூச்சு, கருமையாகத் தெரியும் சமவெளிகளை அப்படியே விட்டுவிட்டு மேட்டுப் பகுதிகளுக்கு மட்டும் இன்னும் இரண்டு, தெற்கே டைகோ பள்ளத்திலிருந்து கிளம்பும் கதிர்க்கோடுகளுக்கு மேலும் ஒன்று. பகலில் பார்த்தால் வெறும் வெளிறிய வட்டம். வியாழனின் பட்டைகளும் இதே முறையில் வரும். தெர்மாகோல் உருண்டையில் செய்வதானால் நீர்ப் பெயிண்ட் ஊடகம் மட்டும்தான், தின்னர் கலந்த வார்னிஷ் பட்டால் உருண்டை கரைந்துவிடும்.

பிளாக் லைட்டும் ஃப்ளோரசன்ட் பெயிண்டும்

நிறம் வேண்டும், கூட்டம் வந்து பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்றால் இந்த வழிதான். பள்ளிக் கண்காட்சி, பிறந்தநாள் விருந்து போன்றவற்றுக்குப் பொடியை வைத்துக்கொண்டு போராட வேண்டியதில்லை. ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாமே கொழுந்துவிட்டு எரியும், விளக்கு இருக்கும்வரை மங்காது. செவ்வாயும் சூரியனும் சிவந்த நெபுலாவும் இங்கேதான் சாத்தியம்.

விளக்கு வாங்கும்போது 365 நானோமீட்டரா 395-ஆ என்று பாருங்கள். 395 மலிவு, ஆனால் அதன் ஊதா வெளிச்சமே அறை முழுக்கப் பரவிக் கறுப்பை ஊதாவாக்கிவிடும். 365-இல் விளக்கே கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், அதனால் ஓவியம் மட்டும் தனித்து நிற்கும். மங்கலாகத் தெரிகிறதே என்று உள்ளே உற்றுப் பார்க்கக் கூடாது. புற ஊதா கண்ணுக்கு ஆகாது. குழந்தைகள் கையில் டார்ச்சாகக் கொடுக்காமல் மேலே உயரத்தில் பொருத்துவது நல்லது. இந்தச் சாயங்கள் வெயிலில் வெளுத்துப்போகும் என்பதால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வரைய வேண்டாம். வெள்ளைக் காகிதமும் சோப்புத்தூளில் துவைத்த வெள்ளைத் துணியும்கூட நீலமாக ஒளிரும், எனவே பின்னணிக்கு அவை ஆகாது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா? அவசியமில்லை. ஃப்ளோரசன்ட் பெயிண்டை எரிய வைக்கும் அதே புற ஊதா விளக்கு, ஒளிர்பொடிக்கு மிக நல்ல சார்ஜர். கோள்களை ஃப்ளோரசன்டிலும் விண்மீன்களைப் பொடியிலும் செய்துவிட்டு, பிளாக் லைட்டைச் சில நிமிடம் எரியவிட்டு அணைத்துப் பாருங்கள். கோள்கள் சட்டென்று காணாமல் போகும், விண்மீன்கள் மட்டும் நிற்கும். இரண்டையும் தனித்தனியாக வாங்கும் செலவுக்கு இது ஏற்றது என்றே நினைக்கிறேன். ஒரே விளக்கில் மாலைக்கு ஒரு காட்சி, தூங்கப் போகும்போது இன்னொன்று.

மின்சார வழிகளை இங்கே விரிவாகப் பேசவில்லை. கூரைக்குள் பிளாஸ்டிக் ஒளியிழைகளை இழுத்து நட்சத்திரம் செய்வது பார்க்க அற்புதம், சார்ஜ் ஆகும் பிரச்சினையே இல்லை. ஆனால் அதற்குக் கூரையில் துளை போட வேண்டும், மேலே ஆள் கை நுழையும் இடம் வேண்டும். சொந்த வீட்டில் போலிக் கூரை போடும் நேரத்தில் யோசிக்கலாம். புரொஜெக்டர் வாங்குவது வேலையை முடித்துவிடும், ஆனால் அது செய்வதாகாது.

விளக்கைச் சோதித்துவிட்டு வாங்குங்கள்

பொடி என்று முடிவு செய்தவர்கள் பெரிய டப்பா வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சின்னப் பொட்டலம் ஒன்று வாங்கி, உள்ளங்கை அளவு வெள்ளை அட்டையில் மூன்று பூச்சு போட்டு, நட்சத்திரம் வரப்போகும் அதே இடத்தில் ஒட்டுங்கள். அன்றாடம் எரியும் விளக்கையே எரியவிட்டு, வழக்கமான நேரத்தில் அணையுங்கள். கிடைக்கும் வெளிச்சம்தான் உங்களுக்குக் கிடைக்கப்போவது.

அது போதவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பொடி வாங்கிக்கொள்வது புற ஊதாவையும் நீலத்தையும்தான். மஞ்சள் ஒளி தரும் எல்இடி பல்பில் நீலம் குறைவு, குளிர்ந்த வெள்ளை பல்பில் அதிகம். படுக்கையறையில் பலரும் மஞ்சள் பல்பைத்தான் போடுகிறார்கள். இன்னொன்று, மூடி போட்ட விளக்கு வெளிச்சத்தைத் தரைக்குத்தான் அனுப்பும். கூரைக்குச் சிதறி வருவது மட்டுமே மிஞ்சும். பல்பை மாற்றுங்கள், அல்லது மேல்நோக்கி எரியும் ஒரு விளக்கைத் தூங்கும் முன் கால் மணி நேரம் போடுங்கள். இரண்டும் முடியாத அறை என்றால் கூரையை விட்டுவிட்டு, பகலில் ஜன்னலோரம் வைத்து இரவில் மாட்டக்கூடிய நிலாத் தட்டு ஒன்று செய்யலாம். நேரடிப் பகல் வெளிச்சத்தில் சில நிமிடங்களே அதற்குப் போதும்.

இணைய மோடத்தின் சின்ன விளக்கு, திரைச்சீலை இடுக்கில் வரும் தெருவிளக்கு இவையெல்லாம் இந்த ஒளியைவிடப் பல மடங்கு பெரியவை. சோதனை நாளிலேயே அவற்றை மறைத்துப் பாருங்கள், பொடியில் குறை இல்லை என்பது சில சமயம் அப்போதுதான் தெரியும்.

எவ்வளவு பொடி தேவை என்று அதன்பிறகு கணக்குப் போடுங்கள். விண்மீன் புள்ளிகளுக்கு மிகக் கொஞ்சம்தான் ஆகும், நிலாவும் கோளும்தான் தின்னும். கலந்ததை அன்றே பூசித் தீர்த்துவிடுங்கள். பொடி கனமானது, பூசும்போதே அடியில் தங்கும். புள்ளிக்கு ஒருமுறை கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிரு நாள் வைத்தால் அடியில் கல்லாக இறுகிவிடும். கலக்காத பொடியை ஈரம் படாமல் இறுக்கி மூடி வைத்தால் வருடக்கணக்கில் கெடாது.